கடல்படிவுப் பாறைக்கு வயது காண எதைச் சேகரிப்பது: பிராக்கியோபாட்டா, கோனோடான்ட்டா, கிராப்டோலைட்டா?

தொல்லுயிர்க் காலத்து, அதாவது கேம்பிரியன் முதல் பெர்மியன் வரையிலான கடல்படிவுப் பாறைகளில் வெறும் கண்ணுக்கு முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும், கடல்தரையில் வாழும் இருவோட்டு உயிரான பிராக்கியோபாட்டின் ஓடுதான். சுத்தியலும் கைலென்சும் இருந்தால் போதும், பாறைமுகத்தில் நின்றபடியே எந்த வரிசையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் எளிதில் கிடைக்கிறது என்பதும் வயதைத் துல்லியமாகச் சொல்கிறது என்பதும் வேறு வேறு. உலகக் காலக்கோட்டில் டெவோனியனின் தொடக்கம் செக் நாட்டின் கிளாங்க் என்ற இடத்தில் 1972இல் ஒரு கிராப்டோலைட்டை (கூட்டமாக வாழ்ந்த, பெரும்பாலும் மிதந்த சிற்றுயிர்) வைத்து நிறுவப்பட்டது. பெர்மியனை அடுத்த டிரையாசிக்கின் தொடக்கம் சீனாவின் மெய்ஷானில் 2001இல் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட்டை (நீந்தும் உயிரின் பல்போன்ற நுண்ணுறுப்பு) வைத்து நிறுவப்பட்டது. தொல்லுயிர்க் காலத்தின் எந்த எல்லையும் பிராக்கியோபாட்டை வைத்து வரையப்படவில்லை.

அப்படியென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கோனோடான்ட்டும் கிராப்டோலைட்டும் எட்டிப் பார்க்காத பாறைகள் ஏராளம். எதைச் சேகரிப்பது என்பதை நம் விருப்பமோ பழக்கமோ முடிவு செய்யக்கூடாது. பாறையின் வகை, அது படிந்த ஆழம், அது பட்ட சூடு ஆகிய மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிராக்கியோபாட் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்

இருவோட்டுச் சிப்பியோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே முதல் வேலை. சிப்பியில் சமச்சீர்க் கோடு இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஓடும். இடது ஓடும் வலது ஓடும் ஒன்றுக்கொன்று பிம்பம். பிராக்கியோபாட்டில் அந்தக் கோடு ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் அலகிலிருந்து (கீல் பக்கத்துக் கூர்முனை) முன்விளிம்பு வரை ஓடும். வயிற்றுப்புற ஓடும் முதுகுப்புற ஓடும் ஒன்றைப்போல் ஒன்று இராது. (சிப்பி இனங்களில் இந்த விதியை மீறுபவை உண்டு. ஆயிஸ்டர் வகைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம்.)

வரிசை அளவில் அடையாளம் கண்டாலே வயதுக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் கிடைத்துவிடும். பென்டமெரிடாவும் அட்ரைபிடாவும் டெவோனியனின் பிற்பகுதியில், ஃப்ராஸ்னியன் கட்டத்தின் முடிவில், அதாவது ஏறத்தாழ 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் மறைந்தன. அட்ரைபிட் ஒன்று அதன் இடத்திலேயே பதிந்து கிடைத்தால் அந்த அடுக்கு அடுத்த கட்டமான ஃபமேனியனாக இருக்க முடியாது. டெரிப்ரட்டுலிடா சிலூரியன் முடிவை ஒட்டித்தான் தோன்றுகிறது. ஆக, ஒரே அடுக்கில் டெரிப்ரட்டுலிடும் அட்ரைபிடும் சேர்ந்து கிடைத்தால், பேரினம் எதையும் அடையாளம் காணாமலேயே சுமார் 42 கோடிக்கும் 37.2 கோடிக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். அகலமான சன்னல்தான். அதே அடுக்கில் ஸ்ட்ரிங்கோசெஃபலஸ் தெரிந்தால் சன்னல் சட்டென்று சுருங்கும்: அந்தப் பேரினம் ஜிவேஷியன் கட்டத்தின் அடையாளம், ஏறத்தாழ 38.8 முதல் 38.2 கோடி ஆண்டுகள் வரை. சுண்ணாம்புக்கல்லின் வெட்டுமுகத்தில் தடித்த ஓடும் ஓட்டின் உள்ளே நீண்டு நிற்கும் நடுச்சுவரும் பளிச்சென்று தெரியும் என்பதால், முழு மாதிரி கிடைக்காவிட்டாலும் இதைப் பிடித்துவிடலாம். கார்பனிஃபெரஸில் இதே வேலையை ஜைகாண்டோபுரடக்டஸ் செய்யும். 30 செ.மீ. வரை வளரும் அந்த ஓடு விசேயன் கட்டத்தின் பிற்பகுதியையும் அதை அடுத்த செர்புகோவியனையும் காட்டும்.

இதைவிட நுணுக்கமாகவும் போக முடியும். அதற்கு ஒரு வம்சாவளி வேண்டும். சிலூரியனின் தொடக்கப் பகுதியான லேண்டவரி காலத்து ஆழமற்ற கடல்படிவுகளில் இயோசீலியா என்ற சிறு ஓடு காலம் போகப் போகத் தன் வரிகளை இழந்துகொண்டே வருகிறது: ஹெமிஸ்ஃபெரிகா, இன்டர்மீடியா, கர்டிசி, சல்கேட்டா என்று நான்கு படிகள். இதில் தனி ஓட்டை நம்பக்கூடாது. ஓர் அடுக்கிலிருந்து 20, 30 ஓடுகளாவது எடுத்து, வரிகளின் உயரத்தையும் எண்ணிக்கையையும் அளந்து, கூட்டத்தின் சராசரி எந்தப் படியில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவே விழும் கூட்டங்களும் வரும். அது அளவீட்டின் பிழையல்ல. வம்சாவளி என்றாலே அப்படித்தான்.

இந்த மாதிரி வம்சாவளிகள் எல்லாக் கட்டத்துக்கும் கிடைக்காது. பொதுவாக பிராக்கியோபாட் கூட்டங்கள் ஒரு கட்டத்தையோ அதில் பாதியையோதான் சொல்லும். பெரும்பாலும் சில மில்லியன் ஆண்டுகள். நல்ல கிராப்டோலைட் மண்டலமோ (ஓர் இனத்தின் காலத்தை வைத்துப் பிரித்த அடுக்குத்தொகுதி) கோனோடான்ட் மண்டலமோ ஒரு மில்லியன் ஆண்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கும்.

அது ஏமாற்றும் இடங்கள்

கடல்தரையோடு ஒட்டி வாழும் உயிர் என்பதே முதல் சிக்கல். ஆழம், தரையின் தன்மை, நீரின் கலங்கல் மாறினால் கூட்டமும் மாறும். லேண்டவரி காலக் கரையிலிருந்து ஆழம் நோக்கிப் போனால் லிங்குலா, இயோசீலியா, பென்டமெரஸ், ஸ்ட்ரிக்லாண்டியா, குளோரிண்டா என்று ஐந்து கூட்டங்கள் வரிசையாக வருவதை 1960களிலேயே காட்டிவிட்டார்கள். கடல்மட்டம் உயர்ந்தால் இதே வரிசை ஒரே இடத்தில் கீழிருந்து மேலாகவும் வரும். அதைப் பார்த்து ஐந்து காலமண்டலங்கள் என்று எழுதினால் கடல் ஆழமானதைக் காலம் கடந்ததாக வாசித்தவர்களாவோம். பிரிஸ்டலை ஒட்டிய ஏவன் பள்ளத்தாக்கில் ஆர்தர் வாகன் 1905இல் பவளங்களையும் பிராக்கியோபாட்களையும் கொண்டு கீழ்க் கார்பனிஃபெரஸைப் பிரித்த மண்டலங்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். பல பத்தாண்டுகள் அவை பிரிட்டன் முழுக்கப் பயன்பட்டன. பிறகு ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் ஓட்டுயிர்களும் கோனோடான்ட்டும் வந்து, எல்லைகளில் பல படிவுச்சூழல் மாறிய இடங்கள்தான் என்று காட்டின. வாகனைக் குறை சொல்ல எதுவுமில்லை, அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். இன்று அதே தவறைச் செய்தால் மன்னிப்புக் கிடையாது.

இரண்டாவது, அவை தூரம் போவதில்லை. கீல்பற்களுள்ள பிராக்கியோபாட்களின் இளம்புழு சில நாள்களே நீந்தும். மஞ்சள்கருவைத் தின்று தீர்ந்ததும் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஆழ்கடலைத் தாண்ட அது போதாது. அதனால் கண்டத்துக்குக் கண்டம் இனங்கள் வேறுபடும். கண்டங்களுக்கு இடையே ஒப்பிடும்போது இன அளவில் நின்றால் எதுவும் பொருந்தாது, பேரின அளவுக்கு ஏறினால் காலத் துல்லியம் போய்விடும். உலகெங்கும் பரவிய விதிவிலக்குகளிலும் கவனம் தேவை. ஆர்டோவிசியன் முடிவின் ஹிர்னான்ஷியா கூட்டம் பனிக்காலக் குளிர்நீரோடு பல கண்டங்களுக்குப் பரவியது. கிராப்டோலைட்டுகளோடு ஒப்பிட்டபோது அது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தோன்றவில்லை, ஒரே நேரத்தில் மறையவுமில்லை என்று தெரிந்தது. குளிர்நீர் வந்த நேரத்தைத்தான் அது காட்டுகிறது.

மூன்றாவதுதான் ஆய்வுக்கூட நேரத்தை அதிகம் விழுங்குவது: வெளித்தோற்ற ஒற்றுமை. ரிங்கோனெல்லிட், டெரிப்ரட்டுலிட் வரிசைகளின் பிராக்கியோபாட்கள் காலத்துக்குக் காலம் ஒரே வெளிவடிவத்துக்குத் திரும்பித் திரும்பி வருகின்றன. வெளியே இரட்டைப்பிள்ளை போலிருக்கும் இரண்டு ஓடுகளுக்கு இடையே பல கோடி ஆண்டு இடைவெளி இருக்கலாம். பெயர் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். அதற்கான வழி தொடர் வெட்டு. முதலில் மாதிரியை எல்லாப் பக்கமும் படமெடுத்து, பிளாஸ்டர் அச்சும் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் வேலை முடியும்போது ஓடு மிஞ்சாது. ஓட்டை ரெசினில் பதித்து அலகுப் பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். அலகை ஒட்டி 0.1 மி.மீ.க்கு ஒரு வெட்டு, பிறகு 0.2 அல்லது 0.3 மி.மீ. ஒவ்வொரு முகத்தையும் 600இலிருந்து 1000 வரையிலான கார்பரண்டம் தூளில் மெருகேற்றி, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடிகள் அரித்து, கழுவிக் காயவைத்து, அசிட்டோன் ஊற்றி அசிட்டேட் தாளை ஒருபக்கமிருந்து மெதுவாகச் சரித்துப் படியவிட வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி பற்குழியின் மேலேயே வந்து உட்காரும். அரை மணி கழித்து உரித்தால் முகத்தின் அச்சு தாளில் இருக்கும். அரிப்பு அதிகமானால் மெல்லிய தகடுகள் உடைந்து அச்சில் மங்கும். வெட்டும் கோணம் சாய்ந்துவிட்டால் இரண்டு பற்தகடுகளும் வெவ்வேறு வெட்டுகளில் தோன்றி, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டும். உள்ளே வெறும் கால்சைட் படிகம் வளர்ந்து நிரம்பிய ஓடு இதற்கு உதவாது; மண் நிரம்பியதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஒரு வகை: லிங்குலா போன்ற பாஸ்பேட் ஓட்டு உயிர்கள். வடிவம் மாறாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடிப்பதால் வயதுக்கு அநேகமாகப் பயனில்லை.

கோனோடான்ட்: துல்லியம் வேண்டுமென்றால், சுண்ணாம்புக்கல் இருந்தால்

கேம்பிரியனிலிருந்து டிரையாசிக் முடிவு வரை வாழ்ந்த நீந்தும் உயிர்களின் பல்போன்ற உறுப்புகள் இவை. அளவு பெரும்பாலும் 0.2 முதல் 2 மி.மீ. நீந்தியதால் பரவல் அதிகம், வேகமாக மாறியதால் மண்டலங்கள் குறுகல். ஸ்ட்ரிங்கோசெஃபலஸ் ஒரே சன்னலாக நிறுத்தும் ஜிவேஷியனைக் கோனோடான்ட் பல மண்டலங்களாக உடைக்கிறது.

விலை உழைப்புதான். அடுக்கு ஒன்றுக்கு 2 முதல் 3 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக உடைத்து, வலைக்கூடையில் வைத்து, 10 சதவீத அசிட்டிக் அல்லது ஃபார்மிக் அமிலத்தில் தொங்கவிட வேண்டும். ஃபார்மிக் ஓரிரு நாளில் வேலையை முடிக்கும், டோலமைட்டையும் (மக்னீசியம் கலந்த கார்பனேட்) கரைக்கும்; அசிட்டிக் வாரக்கணக்கில் இழுக்கும், டோலமைட்டில் கிட்டத்தட்ட நின்றே போகும். ஆனால் ஃபார்மிக்கில் முன்பே கரைத்த கால்சியம் இல்லாமல் புது அமிலமாகவே விட்டால் கோனோடான்ட்டின் மேற்பரப்பும் அரிபடும். பழைய கரைசலில் கொஞ்சம் கலந்தே தொடங்குவது நல்லது. மிச்சத்தை 1 மி.மீ. சல்லடைக்கும் 63 மைக்ரான் சல்லடைக்கும் நடுவே பிடித்து, நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் கால்சியம் அசிட்டேட் ஊசிகள் எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு 2.8 அடர்த்தியுள்ள சோடியம் பாலிடங்ஸ்டேட்டில் மூழ்குவதை எடுத்து நுண்ணோக்கியில் பொறுக்க வேண்டும். டோலமைட் துகளும் மூழ்கும் என்பதால் சில மாதிரிகளில் இந்தப் படி பெரிதாக உதவாது.

பலரும் கோட்டை விடுமிடம் ஒன்று: சிலிக்காவாக மாறிய பிராக்கியோபாட்களை எடுக்கச் சுண்ணாம்புக்கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். டெக்சாஸின் கிளாஸ் மலைகளிலிருந்து வந்த பெர்மியன் பிராக்கியோபாட்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முள் ஒன்றுகூட உடையாமல் வெளிவரும். ஆனால் அந்த அமிலம் பாஸ்பேட்டையும் கரைக்கும். அதே கல்லில் இருந்த கோனோடான்ட்கள் கழுவுநீரோடு போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் ஃபார்மிக் அமிலத்திலேயே தொடங்குங்கள்.

நிறத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். சூடு ஏற ஏறக் கோனோடான்ட் வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பாகி, 300 டிகிரியைத் தாண்டும்போது கறுத்துவிடும். கறுத்த பின்னும் வடிவம் நிலைப்பதால் வயது சொல்ல முடியும். அதே சூட்டில் பிராக்கியோபாட் ஓடு மறுபடிகமாகி நுண்ணமைப்பை இழந்திருக்கும். ஒரு பலவீனமும் உண்டு: இவை உறுதியானவை, பழைய பாறையிலிருந்து அரித்துப் புதிய அடுக்கில் சேர்ந்தாலும் சேதம் தெரியாது. அந்த இடத்தில் பிராக்கியோபாட்டே நம்பகமானது. இரண்டு ஓடும் சேர்ந்து, முள்ளும் உடையாமல் இருக்கும் புரடக்டிட் (முள்ளுள்ள பிராக்கியோபாட் வகை) வேறெங்கிருந்தோ உருண்டு வந்திருக்க வாய்ப்பே இல்லை.

மற்றவை, சுருக்கமாக

ஆர்டோவிசியன் முதல் டெவோனியன் தொடக்கம் வரையிலான கறுப்புக் களிப்பாறை என்றால் கிராப்டோலைட்டோடு வேறெதுவும் போட்டி போட முடியாது. படிவுத்தளத்தின் வழியே பிளந்தால் போதும், அமிலமே வேண்டாம். பாறை மடிந்து பிளவுத்தளம் குறுக்கே ஓடினால் வடிவம் இழுபட்டு அளவுகள் பொய் சொல்லும். மணற்கல்லில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கார்பனிஃபெரஸ், பெர்மியன் வெப்பக்கடல் சுண்ணாம்புக்கல்லில் ஃபியூசுலினிட்கள் (ஃபோராமினிஃபெராவில் ஒரு வகை) நன்று, ஆனால் மெல்லிய வெட்டு சரியாக அச்சின் வழியே போக வேண்டும். டிரையாசிக்குக்குப் பிறகு அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிர்) இருக்கையில் பிராக்கியோபாட்டை முன்னிறுத்தக் காரணமில்லை. துளையிட்டு எடுத்த சில மி.மீ. சில்லுகளில் வேலை என்றாலும் பிராக்கியோபாட்டை மறந்துவிடுங்கள். நுண்ணளவான தொல்லுயிர் எச்சங்கள் மட்டுமே அங்கே பேசும்.

எண்ணாகவே வயது வேண்டுமென்றால்

எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் அதிலுள்ள சிர்க்கான் படிகத்தில் யுரேனியம்-ஈயம் முறையே முதல் தேர்வு. மெய்ஷானில் டிரையாசிக் தொடக்கத்துக்கு 25.1902 கோடி ஆண்டுகள், பிழை 24,000 ஆண்டுகள் மட்டும் என்று கிடைத்தது அப்படித்தான். மணற்கல்லில் அடித்து வந்து சேர்ந்த சிர்க்கான் வேறு கதை: பாறை அதைவிடப் பழையதல்ல என்று மட்டுமே அது சொல்லும்.

சாம்பல் இல்லையா? அங்கே பிராக்கியோபாட் இன்னொரு வேடத்தில் திரும்பி வருகிறது. மக்னீசியம் குறைந்த கால்சைட் ஓடு என்பதால், கடல்நீரின் ஸ்ட்ரான்சியம்-87, ஸ்ட்ரான்சியம்-86 விகிதத்தை அது நன்றாகக் காத்து வைக்கும். உடைந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டாம் அடுக்கின் நார்கள் தனித்தனியாக மென்மையாகத் தெரிகின்றனவா என்று சோதியுங்கள். கேத்தோடு ஒளிர்வில் (எலெக்ட்ரான் கற்றை பட்டு ஒளிர்வதில்) ஆரஞ்சு நிறம் வந்தால் மாங்கனீசு புகுந்திருக்கிறது, ஓட்டை ஒதுக்கிவிடுங்கள். தேறியதிலிருந்து சில மில்லிகிராம் துளைத்தெடுத்தால் போதும். கூடவே சுற்றியுள்ள கல்லையும் அளக்க வேண்டும்; இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால் ஓடு மாறிப்போயிருக்கலாம்.

கிடைத்த எண்ணை, கடல்நீரின் இந்த விகிதம் காலப்போக்கில் மாறியதைக் காட்டும் வளைவோடு ஒப்பிட்டே வயது காண்கிறோம். அந்த வளைவு ஏறி இறங்குவதால் ஒரே எண் பல காலங்களுக்குப் பொருந்தும். ஏறத்தாழ 0.7069 என்று வந்தால் பெர்மியனின் நடுப்பகுதி முடிவாகவும் இருக்கலாம், ஜுராசிக்கின் நடுவும் பிற்பகுதியும் சேருமிடமாகவும் இருக்கலாம். இடைவெளி சுமார் பத்துக் கோடி ஆண்டு. அந்த ஓடு புரடக்டிட் என்றால் ஜுராசிக் தானாகவே விலகிவிடும். எண்ணையும் தந்து எண்ணின் குழப்பத்தையும் தீர்க்கும் சான்று வேறெதுவும் என் நினைவுக்கு எட்டவில்லை. ஆனால் வளைவு தட்டையாக ஓடும் காலங்களில் இந்த முறையால் பலனில்லை.

தேர்வு

கறுப்புக் களிப்பாறை என்றால் கிராப்டோலைட், வெப்பக்கடல் சுண்ணாம்புக்கல் என்றால் கோனோடான்ட் என்பதில் தயக்கம் வேண்டாம். அங்கே பிராக்கியோபாட்டை அடுக்கு அடுக்காகக் குறித்து வைத்தால் போதும், மண்டலம் வகுக்க உட்காராதீர்கள்.

கரையோர மணற்கல், வண்டல்கல் என்றால் கணக்கு மாறும். கோனோடான்ட் அரிது, கிராப்டோலைட் இல்லை, ஓடுகளோ அச்சுகளாக நிறைய இருக்கும். அச்சுக்குள் லேட்டக்ஸ் ஊற்றி உள்வடிவத்தை எடுத்து, அம்மோனியம் குளோரைடு புகை படியவிட்டுப் படமெடுத்தால், பற்குழிகளும் தசைத்தழும்புகளும் தொடர் வெட்டை விடவும் தெளிவாகத் தெரியும். பெர்மியன் காலத்துக் குளிர்ந்த கோண்டுவானா (பழைய தெற்குப் பெருங்கண்டம்) கடல்களும் இதே வகை. கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஃபியூசுலினிட் கிடையாது, கோனோடான்ட் மிகவும் அரிது. இங்கெலரெல்லா, எகினலோசியா போன்ற பிராக்கியோபாட்களை வைத்து வகுத்த மண்டலங்களே அங்கே முதுகெலும்பு. அவற்றுக்கு ஆண்டு எண் கொடுப்பது இடையிடையே வரும் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான். இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஒரே பாறைமுகத்தில் இரண்டு உத்தியும் தேவைப்படும். கீழே குங்ரி களிப்பாறையில் லாம்னிமார்கஸ் ஹிமாலயென்சிஸ் என்ற பிராக்கியோபாட் மேல் பெர்மியனைக் காட்டுகிறது. மேலே வரும் டிரையாசிக் சுண்ணாம்புக்கல்லுக்கு அம்மோனாய்டும் கோனோடான்ட்டும்.

சான்றுகள் முரண்பட்டால் பாறையை முதலில் சந்தேகியுங்கள், பெயரை அடுத்து. பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் காத்வாய் அடுக்கின் அடிப்பகுதியில் பெர்மியன் சாயலுள்ள பிராக்கியோபாட்கள் டிரையாசிக் அம்மோனாய்டுகளோடு சேர்ந்து கிடைக்கின்றன. மெய்ஷானிலும் எல்லையைத் தாண்டிச் சில பிழைத்திருந்தன. ஆகவே புரடக்டிட் இருந்தாலே பெர்மியன் என்ற வரம்பு எல்லையை ஒட்டிய சில அடுக்குகளில் மட்டும் இளகும். ஸ்பிரிஃபெர் சாயல் இருந்தாலே தொல்லுயிர்க் காலம் என்பதும் தவறு. ஸ்பிரிஃபெரினிடா ஜுராசிக்கின் தொடக்கக் கட்டங்கள் வரை வந்திருக்கிறது. முரண் வந்ததும் செய்ய வேண்டியது இது: அதே அடுக்கின் அடியிலிருந்தும் தலையிலிருந்தும் தனித்தனியே புது மாதிரி எடுங்கள், உதிரியாகக் கிடந்ததை எல்லாம் கணக்கிலிருந்து நீக்குங்கள், இரண்டு ஓடும் சேர்ந்தவை எத்தனை, தேய்ந்து உருண்டவை எத்தனை என்று எண்ணுங்கள். தேய்ந்தவை மிகுந்தால் பிராக்கியோபாட்தான் பழையது. ஓடுகள் முழுசாக இருந்து, கோனோடான்ட்களின் நிறம் மட்டும் ஒரே மாதிரியில் இரண்டு விதமாக இருந்தால், கறுத்தவை வேறு பாறையிலிருந்து வந்தவை. வெளிர்ந்தவற்றை மட்டும் வைத்து வயதை மறுபடி பாருங்கள்.